வெள்ளிக்கிழமை நேரப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

ஃபார்முலா 1 ஃபேண்டசி விளையாட்டில் வழக்கமான வார இறுதியில் அணியை மாற்ற, தகுதிகாண் சுற்று தொடங்கும்வரைதான் அவகாசம். அதற்குள் கையில் கிடைப்பது பயிற்சி ஓட்ட நேரங்கள் மட்டுமே. பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: வெள்ளிக்கிழமை பட்டியலில் முதலாவதாக நின்ற கார், ஞாயிற்றுக்கிழமை எங்கே காணாமல் போகிறது?

காரைத் தடத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் நேரமே பயிற்சி என்பது அதிகாரபூர்வ விளக்கம். கையிருப்பைப் போட்டியாளரின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளும் நேரமும் அதுவே. எல்லோரும் பார்க்கும் பட்டியலில் ஒவ்வொரு சாரதியின் மிக வேகமான ஒற்றைச் சுற்று மட்டும் இருக்கிறது. அந்தச் சுற்றில் தாங்கியில் எத்தனை கிலோ எரிபொருள் இருந்தது, எஞ்சினை எவ்வளவு அடக்கி ஓட்டினார்கள் என்பதை அணிகள் சொல்வதில்லை.

2019 பருவத்துக்கு முன் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டங்களில் ஃபெராரியின் வெட்டல், மெர்சிடிஸின் ஹாமில்டனை 0.003 செக்கனால் முந்தினார். ஃபெராரிதான் முன்னால் நிற்கிறது என்ற பேச்சு பரவியது. பருவத்தின் முதல் பந்தயத்தில், மெல்போர்னில், மெர்சிடிஸின் பொட்டாஸ் வென்றார். வெட்டல் நான்காவதாக, ஏறத்தாழ 57 செக்கன் பின்னால் வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தின் முதல் 5 பந்தயங்களிலும் முதல் இரண்டு இடங்கள் மெர்சிடிஸுக்கே.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நிறுத்தாமல் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓடும் நீண்ட ஓட்டத்தை. அதிலும் சராசரி நேரத்தைவிட, சுற்றுக்குச் சுற்று நேரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை.

கணக்கு எளியது. 10 கிலோ எரிபொருள் ஒரு சுற்றை ஏறத்தாழ 0.3 செக்கன் மெதுவாக்கும் என்பது துறையில் வழங்கும் பொதுக் கணிப்பு. 2019இல் ஒரு பந்தயத்துக்கான உச்ச அளவு 110 கிலோ. 58 சுற்று ஓடும் மெல்போர்னில் சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 கிலோ எரியும். ஆக, வேறெதுவும் மாறாவிட்டால், எடை குறைவதாலேயே ஒவ்வொரு சுற்றிலும் கார் 0.06 செக்கன் அளவு வேகம் கூட வேண்டும்.

'அ' அணியின் முதல் சுற்றும் பத்தாவது சுற்றும் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு டயர் அசையாமல் தாங்குவதாகத் தோன்றும். உண்மையில் இடைப்பட்ட 9 சுற்றில் 17 கிலோ எரிந்திருக்கிறது. கார் அரைச் செக்கன் வேகம் கூடியிருக்க வேண்டும். அந்த அரைச் செக்கனை டயர் தின்றுவிட்டது. 'ஆ' அணி முதல் சுற்றில் 0.4 செக்கன் பின்தங்கியிருந்து, பத்தாவது சுற்றில் 'அ'வைப் பிடித்துவிட்டால், அதன் டயர் இழந்தது 0.1 மட்டுமே. இதே போக்கில் போனால் இருபதாவது சுற்றில் 'ஆ'தான் வேகமான கார். ஒற்றைச் சுற்றுப் பட்டியல் இதைக் காட்டாது.

இந்தக் கணக்கின் கெட்டிக்காரத்தனம், தாங்கியில் இருந்த மொத்த எடை தெரியாமலே இதைப் போடலாம் என்பதுதான். 40 கிலோவோடு கிளம்பினாலும் 100 கிலோவோடு கிளம்பினாலும் சுற்றுக்கு எரிவது ஏறத்தாழ ஒரே அளவு.

ஆனால் இரண்டு அணிகளில் எது வேகமானது என்று கேட்டால், மொத்த எடை தெரிந்தாக வேண்டும். தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் ஈரத்துக்கும் கூடைக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பது தராசு பிடிப்பவர் கையில் இருப்பதுபோல, இங்கே கழிக்க வேண்டிய எடை அணிக்கு மட்டுமே தெரியும். வெள்ளிக்கிழமை மாலைகளில் வலம் வரும் 'பந்தய வேக' வரிசைகள் இந்த இடத்தில் ஊகத்தையே இட்டு நிரப்புகின்றன. சாரதி வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி டயரைக் காப்பாற்றினால், சுற்றுக்குச் சுற்று மாறும் போக்கும் ஏமாற்றும்.

பயிற்சி நேரத்துக்கு விதிப்புத்தகத்திலும் ஒரு வேலை உண்டு. தகுதிகாண் முதல் பகுதியின் அதிவேக நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராத சாரதியை, பயிற்சியில் போதிய வேகம் காட்டியிருந்தால் நடுவர்கள் பந்தயத்தில் சேர்க்கலாம். 2011 மெல்போர்னில் எச்ஆர்டி அணியின் நரேன் கார்த்திகேயனும் லியூஸியும் அந்த எல்லையைத் தவறவிட்டார்கள். பயிற்சியில் அவர்களுடைய கார்கள் ஓடியதே சொற்பம். காட்டுவதற்கு நேரம் இல்லை. இருவரும் பந்தயத்தில் இல்லை. மறு ஆண்டும் அதே மெல்போர்னில், நரேனுக்கும் அணித் தோழர் டி லா ரோஸாவுக்கும் அதே கதி.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எந்தப் பயிற்சி? பெரும்பாலும் இரண்டாவது, அதுவே பந்தய நேரத்தை ஒட்டி நடப்பதால். பஹ்ரைனில் முதலாவதும் மூன்றாவதும் வெயிலில் நடக்க, பந்தயம் இரவில் நடக்கிறது.

ஸ்பிரிண்ட் என்ற குறும் பந்தயமும் நடக்கும் வார இறுதி? 60 நிமிடப் பயிற்சி ஒன்றே ஒன்று. நீண்ட ஓட்டத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

மழை பெய்தால்? பட்டியலை மடித்து வைக்கலாம்.

பருவத்துக்கு முந்திய சோதனை ஓட்டம்? 2001இல் அதில் மின்னிய புரோஸ்ட் அணி பருவம் முழுவதும் 4 புள்ளிதான் எடுத்தது. 2009இல் அதேபோல் மின்னிய பிரான் அணி சாம்பியனானது.

தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்துக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? பொருந்தாது, மண் தடத்தில் முன்னால் போகும் காரின் புழுதிதான் பாதிக் கதை. 2024 ஏப்ரல் 21இல் தடம் விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்த பிறகு, அங்கே முதற்கேள்வி பாதுகாப்பைப் பற்றியது.

நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றம்? 1934இல் தொடங்கிய இதில் ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு மட்டும் மோதுவதால் பயிற்சி நேரத்தை அதிகம் நம்பலாம், பனிமூட்டம் இறங்காத வரை.

சுற்றுவாரி நேரம் எங்கே? ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு, பந்தயத்தை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பு வெளியிடும் ஆவணங்களில். எரிபொருள் எடை அதில் இராது.