சோற்றுக்குப் பதில் மாவுக் குவளையா?



ஞாயிற்றுக்கிழமைகளில் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் பலர் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வருகிறார்கள். தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களும் வருகின்றன. கோயிலுக்குப் போகிறார்கள். லெபோ பாசாரில் துணிமணியும் மளிகைச் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இப்போது அந்தப் பைகளில் சில சமயம் ஒரு மாவு டின்னும் சேர்ந்துகொள்கிறது. கடைக்குப் போகாதவர்களுக்கு, தெரிந்தவர் ஒருவரே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார். "ஒரு வேளைச் சோற்றை விட்டுவிட்டு இதில் ஒரு குவளை குடியுங்கள், உடல் தானாக இளைத்துவிடும்" என்கிறார்.

அஞ்சலையம்மாள் என்று ஒரு தாயாரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 52. எடை 78 கிலோ. நான்கு ஆண்டுகளாக நீரிழிவு. காலையும் இரவும் மாத்திரை. தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள், அம்மாவின் மேலுள்ள பாசத்தால், சம்பளம் வாங்கியதும் அந்த மாவு டின்னை வாங்கிவந்து மேசைமேல் வைக்கிறாள். "அம்மா, நாளையிலிருந்து காலையும் இரவும் இதுதான்" என்கிறாள். அந்தத் தாயும் மகளும் என்ன செய்யலாம் என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில், நமக்கு ஏன் இந்த உடல் கனம் வந்தது? நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பிரட்டுக்குப் போனார்கள். மலைக்காட்டில் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவினார்கள். நிறைந்த பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கம்பு போட்டுச் சுமந்தார்கள். பினாங்கின் பெயர்பெற்ற நாசி கண்டாருக்குப் பெயர் தந்ததும் இத்தகைய தோள்கம்புதான். அந்தக் காலத்து வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் கம்பில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றார்கள். உடல் வருந்தி உழைத்தவர்கள் வயிறு நிறைய உண்டார்கள். உண்டது உழைப்பில் செலவாகிவிட்டது.

இன்று கம்பு தோளைவிட்டு இறங்கிவிட்டது. தட்டில் இருக்கும் சோற்றின் அளவு மட்டும் இறங்கவில்லை. காவலாளி நாற்காலியில் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ உட்காருகிறோம். இடையிடையே கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் இரண்டு மூன்று குவளை குடிக்கிறோம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100-க்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே எடையைக் குறைக்க வேண்டும் என்ற மகளின் எண்ணம் நல்ல எண்ணமே. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலே எச்சரிக்கையாகிவிட வேண்டும்.

இனி, இந்த மாவு என்பது என்ன? ஒரு வேளை உணவுக்கு ஈடாகும்படி புரதம், வைட்டமின், தாதுச் சத்து ஆகியவற்றை அளந்து கலந்து செய்வது இது. 1959-இல் அமெரிக்காவில் மெட்ரிகால் என்ற பெயரில் இப்படியொரு பானம் வந்தது. நாள் முழுவதற்கும் 900 கலோரி என்பது அதன் கணக்கு. அனைத்துலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ் இதற்கு ஓர் அளவை வகுத்திருக்கிறது. ஒரு வேளை உணவுக்கு ஈடாகும் மாவு 200 முதல் 400 கலோரிவரை தரவேண்டும். அதில் குறைந்தது கால் பங்கு புரதத்திலிருந்து வரவேண்டும். அதாவது 200 கலோரி தரும் குவளையில் ஏறத்தாழ 12 அல்லது 13 கிராம் புரதமாவது இருக்கவேண்டும். டின்னின் பின்புற அட்டவணையைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரதம் மூன்று நான்கு கிராம் மட்டும் இருந்து, சர்க்கரை மிகுந்திருந்தால், அது சோற்றுக்கு ஈடல்ல. வெறும் இனிப்புப் பானம்.

சரி, இது பலன் தருமா? விற்பவர் சொல்வதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆராய்ச்சிகள் சொல்வதைக் கேட்போம்.

நம் மலேசியாவிலேயே ஓர் ஆய்வு நடந்து, 2017-இல் வெளிவந்தது. மிகை எடையும் நீரிழிவும் உள்ள 230 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு நாளுக்கு 1,200 அல்லது 1,500 கலோரி உணவுத் திட்டம். அதில் நம் ஊர்ச் சாதாரணச் சாப்பாடும் உண்டு. நீரிழிவுக்காரருக்கென்று செய்த மாவுக் குவளையும் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் சேர்ந்தது. ஆறு மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. திட்டத்தின்படி உண்டவர்கள் சுமார் 5 கிலோ குறைந்தார்கள். திட்டத்தோடு, மனம்விட்டுப் பேசி ஊக்கம் தரும் ஆலோசனையும் பெற்றவர்கள் சுமார் 7 கிலோ குறைந்தார்கள். இரத்தச் சர்க்கரை மிக நன்றாகத் தணிந்ததும் இவர்களுக்குத்தான்.

நேயர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரு பிரிவினருக்கும் ஒரே உணவுத் திட்டம்தான். ஒரு பிரிவினருக்குக் கூடுதலான பலன் வந்தது ஆலோசனையினால். மகள் வாங்கிவந்த டின்னுக்குள் மாவு இருக்கிறது. அந்த ஆலோசனை இல்லை.

இன்னோர் ஆய்வு பிரிட்டனில் நடந்தது. அங்கே நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம்வரை, நாளுக்குச் சுமார் 850 கலோரி தரும் மாவுப் பானமும் சூப்பும் மட்டுமே தந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே நீரிழிவு நிலையிலிருந்து விடுபட்டார்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகியது. ஐந்தாம் ஆண்டுவரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினரே அந்த நிலையில் நின்றார்கள். அவர்களுக்கும் மருத்துவரும் தாதியும் பக்கத்திலேயே இருந்தார்கள்.

மாவுக் குவளையையும், சாதாரண உணவை அளவாக உண்ணும் முறையையும் ஒப்பிட்ட 23 ஆய்வுகளை 2019-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஓராண்டில் மாவு குடித்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். வேறுபாடு அவ்வளவே. மாவுக்கென்று மாயசக்தி எதுவும் இல்லை. அது செய்வதெல்லாம் அளவைக் கட்டுப்படுத்துவதுதான். குவளையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்ற முடியாது, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். டின் தீர்ந்து, பழைய தட்டுக்கே திரும்பினால், பழைய எடையும் திரும்பிவிடும்.

அடுத்து, ஆபத்துகளைப் பார்ப்போம். அஞ்சலையம்மாளுக்கு இதுதான் முக்கியமான பகுதி. நீரிழிவு மாத்திரைகளில் சில, குறிப்பாகக் கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை, மேலும் இன்சுலின் ஊசியும், நீங்கள் சாப்பிடும் சாப்பாட்டைக் கணக்கில் வைத்துத் தரப்படுபவை. சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மருந்தை முழுதாக எடுத்தால், இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும். வியர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும், மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி வந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதற்குப் பயந்து மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. பிரிட்டன் ஆய்விலும் மாத்திரையை நிறுத்தியவர்கள் மருத்துவக் குழுவினரே.

கருவுற்ற பெண்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களுக்கும், எடை மிக வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகலாம், முடி கொட்டலாம், மலச்சிக்கல் வரலாம். அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டு வாக்கில், திரவப் புரதம் ஒன்றையே மாதக்கணக்கில் குடித்து வாழ்ந்தவர்களிடையே 50-க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. அன்றைய சரக்கைவிட இன்றைய மாவுகள் தரத்தில் உயர்ந்தவை என்றாலும், மூன்று வேளையும் குவளையே என்ற விரதம் வீட்டில் தனியே செய்யத் தக்கதன்று.

இன்னொரு பொருளும் உண்டு. உடல் இளைக்க என்று விற்கும் சில காப்பித் தூள்களிலும் மாத்திரைகளிலும் சிபுட்ரமின் என்னும் மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் தீங்கு என்பதால் 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட மருந்து அது. "ஒரே வாரத்தில் ஐந்து கிலோ" என்று யாராவது சொன்னால், அந்தப் பொருளை வாங்காதீர்கள். இளைக்கும் மாத்திரை என்றால் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். வெறும் உணவாக விற்கப்படும் மாவுக்கு அந்த எண் இருக்காது. ஆகவே அதன் அட்டவணையைப் படிப்பதே வழி.

இனிச் செலவுக் கணக்கு. ஒரு டின் 140 வெள்ளி, அதில் 14 குவளை என்று வைத்துக்கொள்வோம். குவளைக்கு 10 வெள்ளி. நாளுக்கு இரு வேளை என்றால் 20 வெள்ளி. மாதத்துக்கு 600 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒருவரின் இரு வேளைக்குப் போய்விடுகிறது! நீங்கள் வாங்க நினைக்கும் டின்னின் விலையையும் இதேபோல் வகுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

குவளை செய்வது அளவைக் கட்டுப்படுத்துவது என்றால், அந்த வேலையை நம் தட்டே செய்யாதா? 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சொன்னார்கள். வயிற்றில் போடுவதை மட்டும் நாம் அளப்பதில்லை. நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஓர் எளிய முறையைச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, கோழி, தவ்பு, தெம்பே, பருப்பு இவற்றில் ஒன்று. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். கெம்போங் மீன், கங்கோங் கீரை, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கைக் கீரை, இவையெல்லாம் நமக்குப் புதியவையல்ல. தே தாரிக்குக்குப் பதில் சீனியில்லாத தே ஓ கோசோங். மாலையில் அரை மணி நேர வேக நடை. இதை வீடே சேர்ந்து செய்யலாம். அம்மாவுக்கு மட்டும் குவளை, மற்றவர்களுக்கு நெய்ச்சோறு என்றால், அந்த அம்மாவின் மன உறுதி எத்தனை நாள் தாங்கும்?

அப்படியானால் மாவே வேண்டாமா? அப்படியும் சொல்லவில்லை. அளந்து உண்ணப் பலமுறை முயன்றும் முடியாதவர்களுக்கும், வேலை நேரத்தால் சாப்பாடு தாறுமாறாகிறவர்களுக்கும், நாளுக்கு ஒரு வேளை, தரமான மாவு, மருத்துவர் அறிய, சில மாத காலத்துக்கு ஓர் ஊன்றுகோலாக உதவலாம். அந்த ஊன்றுகோலைப் பிடித்திருக்கும் காலத்திலேயே அளந்து உண்ணும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும்.

ஆகவே அஞ்சலையம்மாளின் மகளுக்கு நாம் சொல்வது இதுதான். தங்கச்சி, உன் பாசம் பெரிது. டின்னை இன்னும் திறக்காதே. அம்மாவின் மாத்திரைகளையும் அந்த டின்னையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அம்மாவை அழைத்துப் போ. குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். "அம்மா இதைக் குடிக்கலாமா? குடித்தால் எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது? டின் தீர்ந்தபின் என்ன சாப்பிடுவது?" என்று மூன்று கேள்விகளைக் கேள். உணவு ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யும்படியும் கேள். முதல் இரண்டு கேள்விகள் அம்மாவுக்கு ஆபத்து வராமல் காக்கும். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை அன்று இரவே உங்கள் வீட்டுச் சமையலில் தொடங்கிவிடு. நீயும் அதே தட்டில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடு.