வேலையோடு ஒரு விழாநாள்



உல்லாசப் பயணம் என்றவுடன் உதகையும் கொடைக்கானலும் குற்றாலமும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கெல்லாம் போய்வரப் பணமும் வேண்டும், விடுமுறையும் வேண்டும், இரண்டும் ஒருசேர வாய்க்கவும் வேண்டும். நம்மிற் பல குடும்பங்களுக்கு அப்பேறு எளிதில் கிட்டுவதில்லை. ஆனால் பக்கத்து நகரத்துக்குப் போய் முடித்துவர வேண்டிய சில்லறை வேலைகளுக்கு எந்தக் குடும்பத்திலும் குறைவில்லை. பழைய பாத்திரத்தை மாற்ற, வங்கியில் ஒரு கையெழுத்திட, மூக்குக்கண்ணாடியைச் செப்பனிட என்று வீட்டிலிருந்து எவரேனும் ஒருவர் போய்த்தான் தீரவேண்டும். அவர் புறப்படும் நேரத்தில் நான்கு வயதுக் குழந்தை வேட்டியைப் பற்றிக்கொண்டு, 'நானும் வருவேன்' என்று அழுகிறது. 'மிட்டாய் வாங்கி வருகிறேன்' என்று சொல்லிக் கொல்லைப்புறமாக நழுவிவிடுவது நம்மிடையே வழிவழியாக வந்த தந்திரம். அந்த அழுகைக்கு வேறொரு விடையும் உண்டு என்பதையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுந்தேன். உங்களில் பலர் அண்ணன்மார், அக்காள்மார். நாளை உங்கள் வேட்டியையும் தாவணியையும் பற்றி இழுக்கப்போகும் கைகள் இப்போதே வீட்டில் இருக்கும்.

எனக்கு நன்கு பழக்கமான ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் இல்லம் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. என் அன்னையாரின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிற்று. கண்ணாடி இன்றி அவரால் நாளிதழ் படிக்க இயலாது. அரிசியில் கல் பொறுக்கவும் இயலாது. பொழுது போகாமல் திண்ணையில் வெறிதே அமர்ந்திருப்பார். தஞ்சாவூரிலுள்ள ஒரு கடையில் காலையில் அளவுச் சீட்டைக் கொடுத்தால் மாலை நான்கு மணிக்குக் கண்ணாடி கிடைக்கும். இடையே ஐந்தாறு மணி நேரம் கையில் நிற்கிறது. தனியாகச் சென்றவன் அந்த நேரத்தைத் தேநீர்க் கடையில் கழிப்பான். நான் என் இல்லத்தாளையும், எட்டு வயது மகளையும், நான்கு வயது மகனையும் உடன் அழைத்துச் சென்றேன். அது தை மாதம்.

முதலில் ஒரு செய்தியை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். போகும் காரியத்தைக் குழந்தைகளிடம் மறைத்தல் ஆகாது. 'சும்மா ஊர் சுற்றப் போகிறோம்' என்று சொல்லி அழைத்துச் சென்று கடையில் அரைமணி நேரம் நிற்கவைத்தால் குழந்தை சிணுங்காமல் என்ன செய்யும்? பாட்டியின் கண்ணாடிக்காகப் போகிறோம் என்பதை முன்னரே சொல்லி, உடைந்த கண்ணாடியின் கூட்டை மகளின் கையில் ஒப்படைத்தேன். வழியெல்லாம் அவள் அதைப் பத்திரமாகக் காத்து வந்தாள். காரியம் அவளுடையதாகிவிட்டது.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பயணிகள் வண்டியில் சென்றால் தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள் கோயில், பாபநாசம், அய்யம்பேட்டை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வரும். விரைவு வண்டியைவிடச் சிறு பிள்ளைகளுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு இரயிலில் கட்டணம் இல்லை. மகள் நிலையப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தாள்; மகன் அவற்றை உரக்கத் திருப்பிச் சொன்னான். எதிர் இருக்கையில் இருந்த முதியவர் ஒருவரும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார்.

காரியத்தை முதலில் முடித்துவிட வேண்டும். அது நிலுவையில் நிற்குமானால் பெரியவர் கண் கடிகாரத்தின்மேலேயே இருக்கும். குழந்தை காட்டும் எதுவும் அவர் கண்ணில் படாது. கண்ணாடிக் கடையில் அன்று எங்களுக்கு ஒரு பாடமும் கிடைத்தது. நாற்பது வயதுக்குமேல் கண்ணினுள் இருக்கும் வில்லை தன் நெகிழ்வை மெல்ல மெல்ல இழக்கிறது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது அது போதிய அளவு குவிய மாட்டாது. எழுத்துகள் மங்குகின்றன. இதனையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று அழகாகப் பெயரிட்டனர். குவிவில்லை ஒன்றைக் கண்ணுக்கு முன் வைத்தால் குறை நிரம்புகிறது. கடைக்காரர் ஒரு வில்லையை விலைச்சீட்டின்மேல் பிடித்துக் காட்ட, எழுத்துகள் பெரிதாயின. பாட்டி ஏன் நாளிதழைக் கையெட்டும் தொலைவில் நீட்டிப் பிடிக்கிறார் என்பது மகளுக்கு அங்கே விளங்கிற்று.

இனி, எங்கே செல்வது? அரண்மனை, சரசுவதி மகால், சிவகங்கைப் பூங்கா, பெரிய கோயில் அனைத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பார் என் மைத்துனர். நான் உடன்படேன். நான்கு வயதுக் கால்களுக்கு ஓரிடமே போதும். நாங்கள் பெரிய கோயிலைத் தேர்ந்தோம். அங்கும் காலத்தை அறிந்து செல்ல வேண்டும். சித்திரை மாதமானால் முற்பகலிலேயே முற்றத்துக் கல் காய்ந்து வெறுங்காலைச் சுடும். அப்போது மாலையே உகந்தது. தை மாதத்து இளவெயிலில் அந்தத் தொல்லை இல்லை.

முதலாம் இராசராசன் எடுப்பித்த இத்திருக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 1987இல் யுனெசுகோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சுற்றுவட்டாரத்தில் கருங்கல் மலையே இல்லாத வயல்நாட்டில் இத்தனை கல்லையும் தொலைவிலிருந்து கொணர்ந்து, இருநூறு அடி அளவுக்கு விமானம் எழுப்பினர். ஆயினும் இந்த எண்கள் குழந்தைகளுக்கு வேண்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டுவது தாமே கண்டுபிடிக்கத் தக்க ஏதேனும் ஒன்று. 'பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று ஊரெங்கும் ஒரு பேச்சு உண்டு அல்லவா? 'மெய்தானா, பார்த்து வாருங்கள்' என்றேன். கதிரவன் தென்கிழக்கில் இருந்தான். இருவரும் வடமேற்குப் பக்கம் ஓடினர். முற்றத்தில் விமானத்தின் நிழல் நீண்டு கிடந்தது. மகன் அதன் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, கோபுரத்தின்மேல் தான் நிற்பதாகக் கூவினான். உயர்ந்த கட்டடத்தின் நிழல் விழாதிருக்க வழி ஏது? நூறு பேர் சொன்னதை ஒரு நோக்கில் சோதித்தறிதல் சிறு வயதிலேயே இயலும்.

மகளுக்கு வேறொன்று காத்திருந்தது. விமானத்தின் அடித்தளம் எங்கும் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழில் புள்ளிகள் இல்லை. எனினும் 'ட', 'ப' போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு மிக நெருங்கியவை. அவள் விரலால் தொடாமல் சுட்டிக்காட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். மன்னன் தான் வழங்கிய கொடைகளையும், தன் தமக்கை குந்தவையார் வழங்கியவற்றையும், தன் தேவியர் வழங்கியவற்றையும், பிறர் வழங்கியவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். தன்னை அடுத்து உடனே அவன் குறிப்பிடுவது தமக்கையைத்தான் என்று நான் விளக்கவே, அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை அவனும் உணர்ந்தான் என்றே கருதுகிறேன். பெருந்தச்சன் பெயரும் அக்கல்வெட்டுகளில் உண்டு: குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். கட்டியவன் பெயரையும் மறவாது பொறித்துவைத்த பெருந்தன்மையை நீங்களும் ஒருமுறை நேரிற் சென்று காணுங்கள்.

உணவைப் பற்றிச் சிறிது கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. வெளியூர்ப் பயணம் என்றால் வீட்டுப் பெண்கள் இரவு மூன்று மணிக்கே எழுந்து புளியோதரை கிளறிக் கட்டுச்சோறு மூட்டை கட்டுவது வழக்கம். பிறகு அங்கே பரிமாறுவதும், கழுவுவதும், சிந்தியதைத் துடைப்பதும் அவர்களே. அடுப்பங்கரையைத் தஞ்சாவூருக்கு இடம் மாற்றியதற்கு மேல் அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது? புறப்படுமுன் என் இல்லத்தாள் இட்ட நிபந்தனை ஒன்றே: அன்று அவர் சமைப்பதில்லை. சிறுவனுக்கு மட்டும் கொஞ்சம் தயிர்சாதமும், எல்லார்க்கும் குடிநீரும் நான் எடுத்து வந்தேன். மற்றபடி உணவு விடுதிதான். அந்தச் செலவு வீண் என்று நான் எண்ணியதில்லை. உணவுக்குப் பின் மகன் என் மடியில் உறங்க, அவர் மரநிழலில் ஒரு மணி நேரம் எவர்க்கும் எதுவும் செய்யாமல் அமர்ந்திருந்தார்.

பின்னர்க் கல்லணைக் கால்வாயின் கரையில் சிறிது நடந்தோம். ஊரார் அதனைப் புதாறு என்பர். மேட்டூர் அணை கட்டி முடித்த 1934ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட கால்வாய் அது. கரையில் நடக்கும்போது குழந்தையின் கையை ஒரு கணமும் விடலாகாது. கால்வாய் நீரின் வேகம் பார்வைக்குத் தெரிவதில்லை. கூட்டத்துக்கும் ஒரு முன்னேற்பாடு உண்டு. குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட வேண்டும். பிரிந்துபோனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்குமாறு பழக்கிவைத்தலும் நலம்.

கடைவீதியில் ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்பது உடன்படிக்கை. தலையாட்டிப் பொம்மையைத் தேர்ந்தனர். எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் அந்தப் பொம்மையின் அடிப்பாகம் உருண்டை. அதனுள் கனமான களிமண். எடை முழுதும் கீழேயே தங்குவதால், பொம்மையைச் சாய்க்கும்போது அதன் எடைமையம் சற்று உயர்கிறது. உயர்ந்த மையம் மீண்டும் தாழ முயல, பொம்மை நிமிர்கிறது. கல்லூரியில் பௌதிகம் பயில்வோர் வீட்டுச் சிறுவர்க்கு இதை விளக்கிப் பாருங்கள். தம்பியையே ஒற்றைக் காலில் நிற்கச் செய்து, பிறகு குந்தி உட்காரச் செய்து, எப்போது தள்ளுவது எளிது என்று காட்டினால் போதும்.

நான்கு மணிக்குக் கண்ணாடி ஆயத்தமாக இருந்தது. மகள் கூட்டைத் திறந்து, தானே உள்ளே வைத்து மூடினாள். அதன்பின் எந்த இடத்துக்கும் போக முற்படவில்லை. சிறுவர்கள் களைத்த பிறகு காட்டும் காட்சி எதுவும் அவர்கள் உள்ளத்தில் நில்லாது. இருட்டுமுன் கிடைத்த வண்டியில் ஏறினோம். பாபநாசம் வருமுன்னரே இருவரும் உறங்கிவிட்டனர். கண்ணாடிக் கூடு மட்டும் அவள் கையை விட்டு அகலவில்லை.