வால்வில் இல்லையென்றால் பெருந்தமனியில் தேடுங்கள்

மழைக்காலத்தில் நவி மும்பையின் கோபர்கைரனேயில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு, டைபாய்டு, லெப்டோ என்று வரிசையாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எல்லாமே நெகட்டிவ். பிளட் கல்ச்சரில் மட்டும் கிருமி வளர்கிறது. ஆன்டிபயாடிக் ஏற்றினால் அடங்குகிறது, நிறுத்தினால் மறுபடி காய்கிறது. அப்படியானால் உடம்புக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கிருமி ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் சந்தேகம் இதய வால்வின் மேல் விழும். எக்கோவில் ஒன்றும் தெரியவில்லை என்றால் தேடலை அத்தோடு விட்டுவிடக் கூடாது.

வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் அகலம் சுமார் 2 செ.மீ. உள்சுவர் வழவழப்பாக இருக்கும்வரை கிருமி அதில் எளிதில் ஒட்டாது. வயது, சர்க்கரை, பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து கொழுப்பும் சுண்ணாம்பும் படியவைத்துவிட்டால், ஓடுகிற கிருமிக்கு ஒதுங்க இடம் கிடைத்துவிடும். சுவர் அரிபட்டு ஒரு பக்கமாகப் புடைக்கும். சாதாரணப் புடைப்பு வளர வருஷங்கள் ஆகும். இது வாரங்களில், சிலருக்கு நாட்களிலேயே பெருத்துவிடும். காய்ச்சலோடு முதுகுவலியோ வயிற்றுவலியோ இருந்தால் சி.டி. ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள். வெடித்தபின் பிழைப்பவர்கள் குறைவு.

பொதுவாக ஸ்டஃபைலோகாக்கஸ், ஆசியாவில் சால்மோனெல்லா, இரண்டும்தான் பெருந்தமனிச் சுவரை இப்படி அரிப்பவை. நம் நாட்டில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மீலியாய்டோசிஸ் கிருமி. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் கண்டறிந்தது அது. நோய்க்கு விட்மோர் பெயர் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசுவாமியை யாருக்கு நினைவிருக்கிறது? இந்தியாவின் முதல் நோயாளி என்று 1991இல் பதிவானது மும்பைக் குழந்தை ஒன்று. 1996இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், வெளியே தெரிவது கொஞ்சம்தானோ என்று கேட்டு எழுதினார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் இந்தக் கிருமி இரு முனையும் சாயமேறி, நடு வெளுத்து, சேப்டி பின் மாதிரித் தெரியும். பழக்கமில்லாத லேப், ‘சூடோமோனாஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போய்விடும். சர்க்கரை நோயாளியின் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரோடு, ஜென்டாமைசினுக்கு மசியவில்லை என்றும் இருந்தால், இன்னொரு முறை பார்க்கச் சொல்வது நல்லது. ஏனென்றால் மருந்தே மாறிவிடும்: செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ நரம்பு வழியாக வாரக்கணக்கில், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மாதக்கணக்கில். பெரும்பாலோருக்குக் கெட்டுப்போன தமனிப் பகுதியை வெட்டியெடுக்கவோ, உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கவோ வேண்டியிருக்கும்.