போர்மட் அடிக்க முதல்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. பழைய மடிக்கணினியில் எப்படியாவது விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடும் அவசரம் வன்னியிலும் இருக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய கணினிகளும் இங்கே ஓடுகின்றன. முறைப்படி விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அந்தச் சோதனையைச் சுற்றிப்போகக் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பு வந்தபின், கோர் 2 டுவோ கணினிகளுக்கு அந்த வழியும் அடைபட்டது. புதிய பதிப்பு எதிர்பார்க்கும் சில அடிப்படைக் கட்டளைகளே அந்தச் செயலிகளில் இல்லை.

மேம்படுத்தியபின் எழும்பாத கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால், "போர்மட் அடிச்சாச் சரி அண்ணை" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். அதற்கு உடனே தலையாட்டக் கூடாது. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் கல்யாண அல்பத்தையும் பிறப்புச் சான்றிதழையும் வழியில் இழந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏராளம். பிறகு வெளிநாட்டு உறவினரிடம் தேடி, ஸ்கான் பண்ணி வாங்கிய படத்தின் ஒரே பிரதி அந்த மடிக்கணினிக்குள் இருக்கலாம். இயங்குதளத்தை எப்போதும் திரும்ப ஏற்றலாம். அந்தப் படத்தை எங்கே தேடுவது?

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் அல்லது யூஈஎஃப்ஐ. அது தொடக்க நிரலைத் தேடிப்பிடிக்கிறது. அந்த நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்ற, கரு ஒவ்வொரு வன்பொருளுக்கும் உரிய டிரைவரை எழுப்புகிறது. ஆகவே எந்த இடத்தில் நிற்கிறது என்பதே நோயைச் சொல்லும். டிஸ்க்கைக் காணோம் என்ற செய்தி வந்தால் டிஸ்க்கிலோ தொடக்க நிரலிலோ கோளாறு. புள்ளிகள் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் உங்கள் படங்கள் இருக்கும் கோப்புறை பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கும். மேம்படுத்தல் பழைய விண்டோஸையும் 10 நாட்களுக்கு ஒரு தனிக் கோப்புறையில் விட்டுவைக்கிறது. அந்த நாட்களுக்குள் மீட்புத் திரை வழியாக முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம்.

மேம்படுத்தலின்போது பல கிகாபைட் தரவு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. பற்றரி செத்த மடிக்கணினியை நேரடி மின்சாரத்தில் வைத்து, மாரி மழை நாளில் இந்த வேலையைத் தொடங்குவது ஆபத்து. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடலாம். ஆண்டுக்கணக்காகச் சூட்டிலும் புழுதியிலும் சுழன்ற ஹாட் டிஸ்க்கின் பழுதான பகுதிகளும் இந்தப் பெரிய எழுத்து வேலையில்தான் வெளிப்படும். பழி மேம்படுத்தலின் தலையில் விழுந்தாலும் டிஸ்க் முன்பே நலிந்திருக்கும். டிக் டிக் என்ற சத்தம் கேட்டால் உடனே கணினியை நிறுத்துங்கள். டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் கட்டளைகள் அந்த நிலையில் அதை இன்னும் வதைக்கும்.

சத்தமில்லாத டிஸ்க் என்றால், இன்னொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் தயாரித்து அதிலிருந்து தொடங்கலாம். அது பென் டிரைவிலிருந்தே இயங்கும். ஹாட் டிஸ்க்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. கோப்புகளைத் திறந்து பார்த்து வெளி டிஸ்க்குக்குப் பிரதியெடுக்கலாம். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும்.

அவசரப்பட்டு விரைவு போர்மட் அடித்தாயிற்றா? ஹாட் டிஸ்க் என்றால் இன்னும் நம்பிக்கை உண்டு. நூலகத்தின் பட்டியலைக் கிழித்ததுபோலத்தான். புத்தகங்கள் இறாக்கையில் இருக்கும். அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் மீட்பு மென்பொருளை ஓட்ட வேண்டும். எஸ்எஸ்டி அப்படியல்ல. வெறுமை என்று குறித்த இடங்களைத் தானே துடைத்துவிடும். வேகத்துக்காகப் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போடுவதைத்தான் நானும் முதலில் பரிந்துரைப்பேன்; ஆனால் கழற்றிய ஹாட் டிஸ்க்கை எறியாமல் வைத்திருங்கள்.

மீட்ட கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்க வேண்டாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சியவை ஆங்கில எழுத்துக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். தமிழ் வடிவத்தைக் கொடுப்பது எழுத்துரு. பாமினியை மறுபடி நிறுவினால் தமிழ் வந்துவிடும். கையோடு ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள்.