பூஞ்சாணத்துக்கு இலைச்சாறு

உளுந்து இலையின் மேல் மாவு தூவினாற்போல் வெண்மை படர்ந்தால் அது சாம்பல் நோய், காரணம் பூஞ்சாணம். இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவற்றில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல், 3 சத வேப்பெண்ணெய், 10 சத தைலமர இலைச்சாறு ஆகியவையும் உண்டு. நெல்லின் இலையுறை அழுகலுக்கு வேப்பெண்ணெய் மட்டுமல்ல, ஊரே வெட்டி எறியத் துடிக்கும் சீமைக்கருவேலத்தின் இலையும் உதவுகிறது. தொண்டைக்கதிர் பருவத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும்.

வேப்பெண்ணெயால் பூஞ்சாணத்தை அடக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதில் புதுமை என்ன என்று எதிர்ப்பு எழுந்தது. 2000இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

தாவரப் பொருள்கள் எல்லாம் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறும் நெடி அதனுடையது. பூஞ்சாணத்தின் நொதிகளை அது முடக்கும். ஆனால் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் பூண்டுச் சாற்றை அன்றன்றைக்கே எடுப்பது நல்லது. ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால் போன்றவை பூஞ்சாணச் செல்லின் சவ்வைச் சிதைக்கின்றன. கிழக்காசியாவின் ராட்சத நாட்வீட் செடிச்சாறு வேறு ரகம்: வெள்ளரி போன்ற பயிர்களின் சொந்த எதிர்ப்புச் சக்தியை அது தூண்டிவிடுகிறது.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் மருந்து இலையில் ஒட்டாமல் உருண்டோடும். வேப்பெண்ணெய்க்கும் சோப்பு அவசியம்; இல்லையேல் எண்ணெய் தனியே மிதக்கும்.

வேம்பின் வேதிப்பொருள்கள் வெயிலில் சிதைபவை. எனவே தெளிக்க மாலை வேளையே ஏற்றது. உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகவும் கூடும். மழை பெய்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். மேலும், இவை பெரும்பாலும் தடுப்பு மருந்துகளே. முதல் வெண்புள்ளி தெரிந்ததும் தெளித்து, 10 நாள் கழித்து மீண்டும் தெளித்தால் பலன் உண்டு. வயல் முழுக்க நோய் பரவியபின் இலைச்சாற்றை மட்டும் நம்பியிருந்தால் மகசூல் போய்விடும்.