முப்பது செக்கன் பிந்தி வரும் சிக்ஸர்

டிஷ்ஷை விட்டு ஃபோனுக்கு மாறிய வன்னி ரசிகருக்குக் காசு மிஞ்சுகிறதா?

2022 செப்டெம்பர் 5, திங்கட்கிழமை. இலங்கை முழுவதும் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதத்தாலும், கட்டணத் தொலைக்காட்சி 25 சதவீதத்தாலும் ஏறின. மறுநாள் இரவு துபாயில் ஆசியக் கிண்ணப் போட்டி. ஒரு பந்து மீதமிருக்க, இந்தியாவை ஆறு விக்கெட்டால் இலங்கை வென்றது. அடுத்த ஞாயிறு பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வீழ்த்திக் கிண்ணத்தையும் தூக்கியது. நாடு நெருக்கடியில் கிடந்ததால் சொந்த மண்ணில் நடத்த முடியாமல் பாலைவனத்துக்குக் கொண்டுபோன தொடர் அது.

எந்த மாதம் ஆட்டம் பார்க்காமல் இருக்க முடியாதோ, அந்த மாதமே பார்ப்பதற்கான விலையும் கூடியது. கூடியதிலும் வேறுபாடு இருந்தது. கூரையில் இருக்கும் டிஷ்ஷுக்கு ஏறியது 25. கையில் இருக்கும் ஃபோனுக்கு ஏறியது 20. அதற்கு முந்திய மாதம் மின்கட்டணம் 75 சதவீதம் ஏறியிருந்தது. அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் வரவிருந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பல வீடுகளில் டிஷ் பெட்டியின் மாதக்காசு பற்றிய பேச்சு எழுந்தது அந்தக் காலத்தில்தான். ‘எல்லாம்தான் ஃபோனில வருதே, பிறகு இது எதுக்கு?’

கேள்வி நியாயமானது. பதில், ஃபோன் யாருடையது, அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வயர் இல்லாத ஊர்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேசப்படுவது கேபிள் வயரை அறுப்பது பற்றி. வன்னியில் நகரங்களைத் தாண்டினால் அறுப்பதற்கு வயரே கிடையாது. காணிகள் பெரியவை, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வயர் இழுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் இங்கே கேபிளின் இடத்தைப் பிடித்தது டிஷ். டயலொக் டிஷ் ஒரு பக்கம், தமிழ் வர்ணனைக்காகவும் தமிழ்நாட்டுச் சேனல்களுக்காகவும் பூட்டப்படும் ‘இந்தியன் டிஷ்’ இன்னொரு பக்கம். தொலைபேசி வயர் வழியாக வரும் பியோ டிவி, அந்த இணைப்பு எட்டும் வீடுகளுக்கு மட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அன்ரனா இருந்தது, இல்லாமலும் போனது. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் நின்ற ஒளிபரப்புக் கோபுரம் 1990 யூலைச் சண்டையில் அழிந்தது. வடக்கில் மின்சாரமும் நின்றது. பற்றரி தடைப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை ஒன்று உருவானது. 1996 மார்ச் 17 இல் லாகூரில் அரவிந்த டி சில்வா சதமடித்து இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, வன்னியின் பெரும்பகுதிக்குள் மின்கம்பி வழியே மின்சாரம் வரவில்லை.

படம் பார்க்க வேண்டும் என்றால் ‘டெக்’ பிடிக்க வேண்டும். வீடியோ டெக், தொலைக்காட்சிப் பெட்டி, ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். பார்க்க வந்தவர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு திரைக்கு முன்னால் முற்றம் நிறையச் சனம் இருந்தால் தலைக்கு விழுவது சில்லறைக் காசு. வன்னியில் திரை பார்ப்பதன் பொருளாதாரம் அப்போதே இப்படித்தான் எழுதப்பட்டது.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 யூனில், அதே கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு மும்பையில் தோனி சிக்ஸர் அடித்து உலகக் கிண்ணத்தை முடித்துவைத்த இரவில், வன்னியில் பலர் இன்னும் தறப்பாள் கொட்டில்களில் இருந்தார்கள். பிறகு கரண்ட் வந்தது, கல்வீடு வந்தது, கூரையில் டிஷ் வந்தது, கடைசியாக ஸ்மார்ட் ஃபோன் வந்தது. மற்ற ஊர்கள் நாற்பது ஆண்டுகளில் கடந்த தூரத்தை இந்த ஊர் பத்தே ஆண்டுகளில் கடந்தது.

ஒரு தொடருக்கு எத்தனை ஜிபி?

இனிக் கணக்கு. சாதாரணத் தரத்தில் வீடியோ ஓடினால் மணிக்குச் சுமார் 0.7 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை போகும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் அளவு. விளையாட்டுக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம். இடைவேளைகளோடு ஒரு ருவென்ரி 20 ஆட்டம் நாலு மணித்தியாலம் என்றால், சாதாரணத் தரத்தில் 2.8 ஜிபி.

சென்னை அணிக்காக மட்டும் ஐபிஎல் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பந்துவீச்சாளர் பத்திரன மஞ்சள் சட்டையில் யோர்க்கர் போட்ட ஆண்டுகளில் வன்னியில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவே இருக்கவில்லை. லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். மொத்தம் 39 ஜிபி, அதுவும் இரண்டு மாதங்களில் பரவி. இவர் தனி ஆள், சின்னத் திரை போதும் என்றால், வருடம் முழுக்க டிஷ்ஷுக்குக் காசு கட்டுவதைவிட ஃபோன் லாபம். சந்தேகமே இல்லை.

அதே வீட்டில் ஒரு தம்பிக்கு மும்பை அணி பிடிக்கும், மச்சானுக்கு எல்லா ஆட்டமும் வேண்டும் என்று வையுங்கள். 2025 தொடரில் இருந்தவை 74 ஆட்டங்கள். முழுவதையும் பார்ப்பவருக்கு மட்டும் 207 ஜிபி. மூன்று பேரும் மூன்று மூலையில் மூன்று ஃபோனோடு இருந்தால் மொத்தம் 280 ஜிபியைத் தாண்டும். டிஷ்ஷுக்கு இந்தக் கூட்டல் தெரியாது. பெட்டிக்கு முன்னால் ஒருவர் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் மாதக்காசு ஒன்றுதான். மூன்று ஃபோன்களை வைத்துவிட்டு ஒரு திரைக்குத் திரும்பினால் செலவும் திரும்பக் குறையும். முற்றத்து ஜெனரேற்றர்க் கணக்கு இன்றும் மாறவில்லை.

நீண்ட ஆட்டங்கள் இன்னும் கடுமை. ஓர் ஒருநாள் ஆட்டம் எட்டு மணித்தியாலம், 5.6 ஜிபி. ஐந்து நாளும் நீடிக்கும் டெஸ்ட் 22 ஜிபிக்கு மேல். டெஸ்ட் ரசிகர் ஃபோனுக்கு மாறினால் ஓட்ட எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ரசிகராகவே மாற வேண்டிவரும்.

உதைபந்தாட்ட ரசிகருக்கு வேறொரு கணக்கு. நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கவென்று தனியாகத் தரப்படும் ‘நைட் டேட்டா’ இந்த நாட்டுப் பக்கேஜ்களில் பழகிய ஒன்று. ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இரவு ஆட்டங்கள் இலங்கை நேரப்படி கோடையில் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும் தொடங்குகின்றன. நைட் டேட்டா தின்று முடிக்கச் செய்தாற்போன்ற நேரம். ஆனால் இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30. அது பகல் டேட்டாவைத்தான் கரைக்கும். ரியல் மட்ரிட் ரசிகர் மிச்சம் பிடிக்கும் இடத்தில் ஆர்சனல் ரசிகர் மேலதிகமாக ரீலோட் போடுகிறார்.

மாதச் சம்பளமும் நெல்லுக் காசும்

எது மலிவு என்பது ஒரு கேள்வி. எப்போது காசு இருக்கிறது என்பது இன்னொன்று. வன்னியில் பல நேரம் முடிவெடுப்பது இரண்டாவது கேள்விதான்.

வவுனியாவில் அரச உத்தியோகத்தில் இருப்பவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம்; டிஷ் பில் அதற்குள் அடங்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கு அப்படியல்ல. காலபோக வெட்டு முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் நெல்லுக் காசு கையில் புழங்கும். ஐபிஎல் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரம். விதைப்புக் காலத்தில் உரத்துக்கும் உழவுக்கும் காசு தேடும்போது டிஷ் பில் வந்து நின்றால் தலையிடி. முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போகும் நாள் கணக்கில்தான் குடும்பம் நடக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் தொழில் படுத்துவிடும். இவர்களுக்கு ரீலோட் பொருந்துகிறது. இருக்கிற நாளில் போடலாம், இல்லாத நாளில் விடலாம், துண்டிப்பு நோட்டீஸ் வராது. வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் சில வேளை ரீலோட்டே கூடுதலாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டலைச் செய்ய யாருக்கும் பில் வருவதில்லை. டிஷ் செலவு தாளில் நிற்கிறது. டேட்டாச் செலவு கடைப்பக்கம் போகும்போது பாணோடும் சீனியோடும் சேர்ந்து போய்விடுகிறது.

கரண்ட் செலவையும் பார்த்துவிடலாம். 50 வாட் எல்ஈடி ரிவியில் நாலு மணித்தியால ஆட்டம் பார்த்தால் 0.2 அலகு. ஐபிஎல் 74 ஆட்டத்துக்கும் 15 அலகுக்குள் முடிந்துவிடும். ஃபோனுக்கு அதுவும் தேவையில்லை. 2022 இன் மின்வெட்டு நாட்களில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருள் இருந்தபோது, பெட்டி செத்துக் கிடக்க ஃபோன் உயிரோடு இருந்தது. பலர் மனத்தளவில் டிஷ்ஷை விட்டு விலகியது அந்த இருட்டில்தான்.

செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 யூலையில் இலங்கைக்கு வந்தது. சிக்னல் எட்டாத உள்ளூர்களுக்கு வரம் போலத் தோன்றும். வந்தபோது மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். கருவி விலை தனி. விளையாட்டுப் பார்க்க மட்டும் என்றால் யாரும் வாங்கமாட்டார்கள்.

உரிமை போகும் வழி

இதையெல்லாம் பார்க்கும்போது ஓரளவாவது நம்பக்கூடியது அன்ரனாதான். தேசிய அணி ஆடும் முக்கியத் தொடர்கள் உள்ளூர் இலவசச் சேனல்கள் ஒன்றில் வருவதுண்டு. கம்பியும் ஒரு பழைய குழாயும் போதும். பிறகு காசே இல்லை. ஆனால் எந்தத் தொடர் எந்தச் சேனலுக்கு என்பது ரசிகர் கையில் இல்லை. உரிமை ஒவ்வோர் ஏலத்திலும் கைமாறுகிறது.

அந்த ஏலத்தின் திசையை 2022 யூன் காட்டியது. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் உரிமை 48,390 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது. இந்தியத் துணைக்கண்டத்துக்கான தொலைக்காட்சி உரிமைக்கு 23,575 கோடி. இணைய உரிமைகளுக்கு 23,758 கோடி. முதற்தடவையாகச் சின்னத் திரை பெரிய திரையை முந்தியது. 2023 இல் ஜியோசினிமா செயலி இலவசமாகவே காட்டியது. 2025 பெப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹொட்ஸ்ராரும் ஜியோஹொட்ஸ்ரார் ஆகின. ஃபோனுக்கு மட்டுமான திட்டம் மூன்று மாதத்துக்கு 149 இந்திய ரூபாய் என்று விலை வந்தது. சனம் பழகும்வரை இலவசம், பழகிய பிறகு விலை. அந்த விலையும் இந்திய எல்லைக்குள்தான். ராமேஸ்வரத்தில் 149 ரூபாய்க்குப் பார்ப்பதை, கடல் இடைவெளி சில பத்துக் கிலோமீற்றரே என்றாலும், வன்னியிலிருந்து அந்த விலையில் பார்க்க உரிமை இடம்தராது.

வெளிநாட்டுச் சொந்தங்களின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் கேபிளுக்கு மாற்று என்று 2017 இல் மாதம் 35 டொலருக்கு வந்த யூடியூப் டிவி, 2025 தொடக்கத்தில் 82.99 டொலர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் தனிச் செயலியாக வந்தபோது மாதம் 29.99 டொலர். லண்டனில் பிரீமியர் லீக் ஆட்டங்கள் 2025 முதல் ஸ்கைக்கும் ரிஎன்ரி ஸ்போர்ட்ஸுக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. ஒரு சீசனில் ஸ்கையிடம் குறைந்தது 215, மற்றதிடம் 52. தன் அணியின் ஒளிபரப்பாகும் எல்லா ஆட்டங்களையும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் சந்தா கட்ட வேண்டும். வயரை அறுத்தவர்கள் இப்போது செயலிகளை எண்ணுகிறார்கள்.

எதிர்த்திசையில் ஓடும் படம்

ஆனால் அதுவரை டிஷ்ஷில் பார்க்கக் கிடைக்காத ஒன்றை இணையம் காட்டியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ 1904 இல் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மைதானத்துக்குப் போனால்தான் பார்க்கலாம் என்றிருந்த ஆட்டத்தை, தபபரே இணையத்தளம் நேரடியாக உலகுக்கு அனுப்பியது. மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024 மே மாதத்தில் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லில் பந்துவீசியபோது, அவரை ஏற்கெனவே சின்னத் திரையில் பார்த்துப் பழகிய ரசிகர்கள் வடக்கில் இருந்தார்கள்.

2018 இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தில் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் என்று வன்னிப் பெயர் தாங்கிய அணிகள் இறங்கின. இப்போது ஊர் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் சுற்றுப்போட்டிகளில்கூட ஒருவர் ஃபோனை நீட்டிப் பிடித்து முகநூலில் நேரலை போடுகிறார். கிண்ணத்துக்குக் காசு தந்தவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருந்து அதைப் பார்க்கிறார். அவருக்கு அது இலவசம். டேட்டாக் காசு கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பவருடையது.

ஐபிஎல் இரவுகளில் ஊருக்குள் நடந்துபோனால் இன்னொன்று கேட்கும். நேரலை, டிஷ்ஷைவிட இருபது முப்பது செக்கன் பிந்தி ஓடும். டிஷ் இருக்கும் வீட்டில் கூச்சல் எழும். வேலிக்கு இந்தப் பக்கம் ஃபோனோடு இருப்பவரின் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார். ஆறா விக்கெட்டா என்று தெரியாமல் அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படலையைத் திறந்து அந்த வீட்டு முற்றத்துக்குப் போகிறார்.