டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஷேர் பத்திரம் வெறும் காகிதம் அல்ல!



நான், 61 வயது பெண். கொல்லிமலை, வாழவந்தி நாட்டில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்கள் பகுதியில் சமையல், கை வைத்தியம், மாமியார் - மருமகள் பிரச்னை என, எல்லாம் எழுதுகிறோம். பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், நகைச் சீட்டோடு நின்று விடுகிறோம். ஷேர் என்றாலே, 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கி விடுகிறோம். அப்படி ஒதுங்குவதால் நஷ்டப்படுவது நாம் தான்.

கடந்த, 25 வருஷமாக என் பெயரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஷேர் வாங்கி வைத்து வருகிறேன். அதனால், எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும், பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து விடுவர். கீழே நாமக்கல், ராசிபுரத்தில் இருக்கும் உறவுக்காரப் பெண்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகள் தான். மற்ற சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

'ஷேருங்கறது சீட்டு மாதிரி தானுங்களா டீச்சரம்மா? போட்ட பணம் எப்படியும் வந்துடுமில்ல?'

இல்லை. இதை முதலில் மனதில் பதிய வைத்துக் கொள்ளணும். பேங்கில் டெபாசிட் போட்டால், நாம் கடன் கொடுத்தவர். 2020 பிப்ரவரி முதல், ஒரு பேங்கில் ஒருவருக்கு, 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. ஷேர் வாங்கினால், நாம் அந்தக் கம்பெனியில் ஒரு பங்காளி. லாபம் வந்தால் பங்கு. முழுகினால் நமக்கும் முழுக்கு.

இதற்குத் தூரத்து உதாரணம் வேண்டாம். நமக்குப் பக்கத்தில் கரூரில், 1926ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க்கை எடுத்துக் கொள்ளுங்கள். 2020, நவம்பர், 17ல், அதிலிருந்து, 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என, தடை வந்தது. அதே மாதம், 27 முதல், டி.பி.எஸ்., பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. ஷேர் வைத்திருந்தவர்களுக்கோ, ஒரு பைசா கிடைக்கவில்லை. மொத்தப் பங்கு மூலதனமும் எழுதித் தள்ளப்பட்டது. 'நம்ம ஊரு பேங்க்' என்ற பாசத்திலேயே தலைமுறையாக அந்த ஷேரை வைத்திருந்த குடும்பங்கள், தமிழ்நாட்டில் எத்தனையோ. பாசம் வேறு, முதலீடு வேறு.

'அப்ப எவ்வளவு பணந்தான் போடலாம்?'

ஐந்து, ஆறு வருஷத்துக்குக் கைவைக்கத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்க. மகள் கல்யாணத்துக்கு அடுத்த தை மாசம் வேண்டும் என்றால், அது ஷேருக்கு ஆன பணம் அல்ல. ஆறு மாசச் சாப்பாட்டுச் செலவும், ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் தாங்குகிற அளவு பணம், பேங்கிலோ, தபால் ஆபீசிலோ தனியாக இருக்கணும். நகையை அடகு வைத்தோ, குழுவில் கடன் வாங்கியோ ஷேர் வாங்கவே கூடாது. குழுவின் பொதுப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கூடப் பார்க்கக் கூடாது.

'எத்தனை கம்பெனி ஷேர் வைச்சிக்கணும்?'

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணிடம், 'உன் தோட்டத்தில என்னென்ன இருக்கு?' என்று திருப்பிக் கேட்டேன். 'சில்வர் ஓக் மரம், அதுல ஏத்தின மிளகு, கீழ காபி, ஓரத்துல வாழை, நாலு பலா, மேட்டுல கொஞ்சம் சாமை' என்றாள். 'ஏன் எல்லாத்தையும் வெட்டிட்டு மரவள்ளி மட்டும் போடல?' என்றேன். 'நல்லாக் கேட்டீங்க! கிழங்கு விலை விழுந்தா, அந்த வருஷம் அடுப்பு எரியுமா?' என்று சிரித்தாள்.

பதில் அவள் வாயிலேயே வந்து விட்டது. ஒரு கம்பெனியில் எல்லாப் பணத்தையும் போடக் கூடாது. அதற்காக ஐம்பது கம்பெனி வாங்கி, பெயர் கூட ஞாபகம் இல்லாமல் வைத்திருப்பதும் வீண். பத்து, பதினைந்து போதும். அதிலும், ஐந்தும் பேங்க் ஷேராக இருந்தால், அது ஐந்து பயிர் அல்ல. ஒரே பயிர் தான். தொழில் வேறு வேறாக இருக்கணும். எந்த ஒரு கம்பெனியிலும் மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை என்பது, நான் வைத்திருக்கும் கணக்கு.

கம்பெனிகளைத் தேடிப் படிக்க நேரம் இல்லையா? நிப்டியில் உள்ள, 50 பெரிய கம்பெனிகளையும் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் பண்டுகள் இருக்கின்றன. மாசா மாசம் சில நூறு ரூபாய் கூட கட்டலாம். செலவும் குறைவு. புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத் தான்.

'விலை விழுந்தா வித்துடறதா, இன்னும் வாங்கறதா?'

ஏன் விழுந்தது என்று பார்க்கணும். கொரோனா வந்த, 2020 ஜனவரியில், 42 ஆயிரத்தைத் தாண்டி இருந்த சென்செக்ஸ், மார்ச், 23ல், 25,981 ஆக இறங்கியது. பயந்து விற்றவர்கள் அநேகம் பேர். அந்த வருஷம் முடிவதற்குள், அதே சென்செக்ஸ், 47 ஆயிரத்தைத் தாண்டியது. இது, மழை பெய்து எல்லார் தோட்டமும் நனைந்தது போல. பொறுத்தால் காயும்.

ஆனால், லட்சுமி விலாஸ் பேங்க் விழுந்தது அப்படி அல்ல. 2017 - 18ல் இருந்து வருஷா வருஷம் நஷ்டம். 2019 செப்டம்பரில், ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாசமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங் கம்பெனியோடு இணையும் திட்டத்தை நிராகரித்தது. 2020, செப்டம்பர், 25ல் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாக இயக்குனர் உட்பட ஏழு பேரை, பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றனர். இது எல்லாம் பேப்பரில் வந்த செய்தி. 'விலை மலிவாக் கிடைக்குது, இன்னும் வாங்கி சராசரியைக் குறைக்கலாம்' என்று அப்போது வாங்கினவர் பணமும் சேர்ந்து தான் போனது.

ஊரே நனைந்தால் பொறுத்திருங்க. ஒரு கொடிக்கு மட்டும் வேர் அழுகினால், பிடுங்கி எறியுங்க. 'வாங்கின விலை வந்தா விக்கிறேன்' என்று காத்திருப்பது வீண். நீங்க வாங்கின விலை, அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

'ஒரு ஷேர் மட்டும் நல்லா ஏறிட்டா என்ன செய்யறது?'

சந்தோஷப்படுங்க! கூடவே கவாத்து செய்யுங்க. நிழல் மரம் அடர்ந்து போனால், கீழே காபி காய்க்காது. வருஷம் ஒரு முறை கிளையைக் கழிக்கிறோம் இல்லையா? அதே போல, ஒரே ஷேர் வளர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகி விட்டால், கொஞ்சம் விற்று மற்றதில் போடணும். வருஷம் ஒரு நாள் இதற்கென்று உட்கார்ந்தால் போதும்.

விற்கும்போது வரியையும் நினைவில் வையுங்க. 2024, ஜூலை, 23ல் இருந்து, ஷேரை ஒரு வருஷத்துக்குள் விற்றால், லாபத்தில், 20 சதவீதம் வரி. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருஷத்தில், 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல், 12.5 சதவீதம்.

'தினமும் விலை பார்க்கணுமா?' என்றும் கேட்கின்றனர். மிளகுக் கொடியை நட்டு விட்டு, வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பீர்களா!

'என் பையன் செல்போன்லயே ஆப்ஷன்ல பணம் பண்ணலாங்கறான். மிளகு வித்த காசைக் கேக்கறான்...'

இந்தக் கேள்வி தான் இப்போது என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும், 'செபி' அமைப்பு, 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. பியூச்சர் - ஆப்ஷன் வியாபாரத்தில், மூன்று வருஷத்தில் இறங்கின தனி நபர்களில், 100க்கு, 93 பேர் நஷ்டப்பட்டிருக்கின்றனர். மொத்த நஷ்டம், 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தத் தாயிடம் இதைச் சொல்லி, 'பையன் சம்பாதிச்ச காசுல அவன் என்னமோ செய்யட்டும். உன் மிளகுக் காசைக் கொடுக்காதே' என்றேன். அம்மாவும், மகனும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லையாம். பரவாயில்லை. பேச்சு திரும்ப வந்து விடும். போன காசு வராது.

அதே போல, வாட்ஸ் ஆப்பில், 'இந்த ஷேரை வாங்கு, ஒரே மாசத்தில் இரட்டிப்பு' என்று வந்தால், அழித்து விடுங்க. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு, 2012ல் மக்கள் தெருவுக்கு வந்ததை, நம் கொங்குப் பக்கம் மறக்க முடியுமா? கோழிக்குப் பதில், இப்போது செல்போன், அவ்வளவு தான். ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பார்க்கணும். ஏமாந்து பணம் அனுப்பி விட்டால், வெட்கப்படாமல் உடனே, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்க.

'வீட்டுக்காரர் போயிட்டாருங்க, பெட்டியில ஏதோ பத்திரம் கிடக்குது...'

எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் கணவர், கீழே ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். இறந்து நான்கு வருஷம் ஆகிறது. டிரங்குப் பெட்டியில், பழைய ஷேர் பத்திரங்கள். உறவுக்காரர் ஒருவர், 'இதெல்லாம் இப்ப செல்லாதும்மா, அடுப்புல போடு' என்றிருக்கிறார். நல்லவேளை, போடுவதற்கு முன் என்னிடம் எடுத்து வந்தாள்.

சகோதரிகளே... காகிதப் பத்திரம் செல்லாது என்பது தவறு. 2019, ஏப்ரல் முதல், காகிதமாகவே வேறு ஒருவருக்கு விற்க முடியாது, அவ்வளவு தான். வாரிசு பெயருக்கு மாற்றி, டீமேட் கணக்கில் சேர்க்கலாம். இறப்புச் சான்று, தாலுகா ஆபீசில் வாங்கும் வாரிசுச் சான்று, பான் கார்டு, பேங்க் விவரம் இவற்றோடு, அந்தக் கம்பெனியின் ஷேர் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதணும். தொகை பெரிதாக இருந்தால், கோர்ட் சான்று கேட்கலாம்.

டிவிடெண்டு, ஏழு வருஷம் தொடர்ந்து வாங்காமல் இருந்தால், ஷேரே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய் விடும். அப்போதும் போனது போனது தான் என்று விட வேண்டாம், ஐ.இ.பி.எப். - 5 என்ற படிவம் போட்டுத் திரும்பக் கேட்கலாம்.

பத்திரத்தில், '100 ஷேர்' என்று இருந்தால், இன்றைக்கும் 100 தான் என்று நினைக்காதீங்க. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் கம்பெனி, 2011ல், ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து, 10 ரூபாய் ஷேரை, ஒரு ரூபாய் ஷேராகப் பிரித்தது. அன்று, 100 ஷேர் வைத்திருந்தவருக்கு, அது, 2,000 ஆனது. அடுப்பில் போட்டிருந்தால்?

அந்தப் பெண்ணின் பத்திரங்களில் ஒரு கம்பெனி எப்போதோ மூடப்பட்டு விட்டது. மற்ற இரண்டு உயிரோடு இருக்கின்றன. செம்மேடு தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை நடந்து, வாரிசுச் சான்று வாங்கி, மனு அனுப்பி இருக்கிறாள். 'எம் பேருலயே வருங்களா டீச்சர்?' என்று நம்ப முடியாமல் கேட்டாள். 'உன் பேருலயும், உன் புள்ளைங்க பேருலயும் தான்' என்றேன்.

இதில் இன்னொன்று. நாமினியாகக் கொழுந்தன் பெயரோ, மாமனார் பெயரோ இருந்தால், எல்லாம் அவருக்கே என்று பயப்பட வேண்டாம். ஷேருக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் முழுச் சொந்தக்காரர் ஆகி விட மாட்டார் என்று, 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி இருக்கிறது. வாரிசுகளின் உரிமை, வாரிசுகளுக்குத் தான்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும், கணவரிடம் மூன்றே மூன்று கேளுங்க. 'எந்தெந்தக் கம்பெனியில ஷேர் இருக்கு? டீமேட் கணக்கு எங்க இருக்கு? நாமினி யாரு?' ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டோடு வையுங்க. 'எதுக்கு இப்ப இதெல்லாம்?' என்று அவர் முறைத்தால், இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுத்து விடுங்க. மிச்சத்தை அவரே படித்துக் கொள்ளட்டும்!

— ஒரு வாசகி, வாழவந்தி நாடு, கொல்லிமலை.